ஐந்து வந்தால் அழி

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

காகிதத்தில் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆகிறதோ தெரியவில்லை. அரைப் பக்கத்துக்குள் விரல் வலிக்கிறது. ஆனால் வேறு வழி இல்லை. உங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் அடித்தட்டில் ஓடிக்கொண்டிருந்த நம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டீர்கள். உங்கள் மெயில், என் மெயில், தங்கச்சி மெயில் எல்லாம் அதற்குள்தான். கம்பெனி போனிலாவது பேசித் தொலையுங்களேன் என்கிறாள் என் வீட்டுக்காரி. போனில் பேசினால் கத்துவேன். கத்தவும் இப்போது தெம்பு இல்லை.

தங்கச்சி போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. நம் இணையதளமும் அடுத்த சில வாரத்தில் மூடிவிட்டது. பதினாறு வருடம் மூன்று பேராகக் கட்டிக் காத்த இடம். பொழுதுபோக்குக்குப் புரோகிராம் எழுதும் கிறுக்கர்கள் வந்து எந்த மொழி உசத்தி என்று அடித்துக்கொள்ள வேறு போக்கிடம் இருக்கிறதா? அங்கே புனைபெயரில் நான் ‘அரைப்புள்ளி’, நீங்கள் ‘கண்ணாடி’, அவள் ‘டிப்போ’. பஸ் டிப்போவில் டிரைவர் கண்டக்டர்களுக்கு டியூட்டி போட்டுப் போட்டு அலுத்து, அந்த வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டுவதற்காகவே புரோகிராம் கற்றுக்கொண்டவள். ஒன்றும் தெரியாத புது ஆளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது நம் மூவரில் அவள் ஒருத்திதான். அந்தப் பதில்கள் ஒரு அணைந்த பெட்டிக்குள் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி எனக்கு அனுப்புங்கள். தளம், மெயில், குப்பை மெயிலைத் தடுக்க நான் எழுதிய வடிகட்டி, எல்லாம் வேண்டும். என் வீட்டில் ஓட்டிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். என் வீட்டில் போன் கிடையாது, நான் கைபேசியும் வைத்துக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறவனுக்கு அது எதற்கு? ஆனால் மெயில் போட்டால் அன்று சாயங்காலமே பார்ப்பேன் என்பதும் தெரியும். நம் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் அப்படித்தான் போனது. அந்த மூன்று நாளில் எனக்கு ஒரு வரி தட்ட உங்களுக்குக் கை வரவில்லை. நாலாம் நாள் உங்கள் கண்ணாடிக் கடை முதலாளி என் கம்பெனிக்குப் போன் போட்டார். நான் வந்து சேர்ந்தபோது அவள் முகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடியிருந்தார்கள்.

அன்று உங்கள் வாசலில் அத்தனை பேர் முன்னால் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். ஏன் சொல்லவில்லை? அன்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கடிதத்தில் பார்ப்பதற்குத் தரை கிடையாது. பதில் எழுதுங்கள்.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 20

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். தளத்தின் கோப்புகள், விவாதங்கள், அவள் எழுதிய பதில்கள் முழுவதும் அதில் இருக்கின்றன. ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

மெயில் பகுதி இதில் இல்லை. அது உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். இந்தக் காலத்தில் யார் வீட்டில் மெயில் சர்வர் ஓட்டுகிறார்கள்? இலவசமாகத் தருகிறார்கள், நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வடிகட்டியும் வேண்டாம், அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நான் கடைக்குப் போய் வருகிறேன். லென்ஸ் தேய்க்கிறேன். போன வாரம் ஒரு அம்மாவுக்கு வலக்கண் பவரை இடக்கண்ணிலும் இடக்கண் பவரை வலக்கண்ணிலும் போட்டுக் கொடுத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அந்த அம்மா திரும்பி வந்து, “பரவாயில்லப்பா, நான் கண்ணாடிதான் பழகலைன்னு நினைச்சேன்” என்றார். முதலாளி தன் கையாலேயே லென்ஸை மாற்றிப் போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் போன புதிதில் எல்லாரும் அழச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. இப்போதும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்க்கிறேன். அதைச் செய்யும்போதும் ஒன்றும் தோன்றுவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யவில்லை. அதற்கு மேல் என்னிடம் சொல்வதற்கு இல்லை.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 2

மாப்பிள்ளைக்கு,

பென் டிரைவ் வந்தது. தளம் ஓடுகிறது. மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மோட்டார் போடும்போதெல்லாம் ஒரு தடவை அணைந்து எழுந்திருக்கிறது. வயதானவர்கள் அப்படித்தான்.

திறந்த முதல் வாரத்தில் ஒன்பதாயிரம் வருகை என்று காட்டியது. அடேயப்பா, நம்மை உலகம் மறக்கவில்லை என்று என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் எல்லாம் இணையத்தைத் தானாக மேய்கிற ரோபோ புரோகிராம்கள். மனிதர்கள் ஏழு பேர். அந்த ஏழில் மூன்று நான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். நம்மோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லாரும் கைபேசிக் குழுக்களுக்குள் போய்விட்டார்கள். அங்கே ‘காலை வணக்கம்’ படம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ரோபோக்கள் வந்து எதைத் தின்கின்றன என்று பார்த்தேன். டிப்போ எழுதிய பக்கங்களைத்தான். ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போகின்றன. நாளைக்கு எவனோ ஏதோ ஒரு இயந்திரத்திடம் போய், ‘இந்தச் சுற்று ஏன் நிற்க மாட்டேன் என்கிறது’ என்று கேட்பான். என் தங்கச்சி சொன்னதை அது தன் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து விடும். எனக்குக் கோபம் வர வேண்டும். முன்பென்றால் ஆறு பக்கம் எழுதியிருப்பேன். இப்போது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இலவச மெயில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். என்னைப் பார்த்து இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? என் வடிகட்டிக்கு என்ன குறை? பதினோரு வருடம் பெர்ல் மொழியில் செதுக்கியது. வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். பணம் என்று இருந்தால் இவ்வளவு, பரிசு என்று இருந்தால் இவ்வளவு. மூன்று வாங்கினால் ‘பிறகு பார்’ பெட்டிக்குப் போகும், அதைச் சாயங்காலம் நானே திறந்து பார்ப்பேன். ஐந்து வந்தால் அழி. குப்பைக் கூடையில்கூடப் போடாதே, அழி. குப்பையைச் சேர்த்து வைப்பவன் வீட்டில் நாற்றம்தான் அடிக்கும் என்பது என் கட்சி. அவள் இதற்குச் சண்டை போட்டிருக்கிறாள். “அண்ணா, மனுஷன் தப்பே பண்ண மாட்டானா? கூடையாவது வையேன்” என்பாள். என் பெர்லை நீங்கள் கோழி கிளறிய குப்பை என்பீர்கள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு ஒருவனை ஓட்டினீர்கள்.

அது எனக்கு வேண்டும். அவள் எனக்கு எழுதிய மெயில்களும் வேண்டும். அவை என் சொத்து. டிஸ்க்கை அனுப்புங்கள்.

கேட்ட கேள்விக்கு ‘சரியாகச் செய்யவில்லை’ என்பது பதில் ஆகாது. பரீட்சையில் பக்கத்தைக் காலியாக விடுகிறவன்கூட இதைவிடப் பரவாயில்லை.

உங்கள் மச்சான்


மார்ச் 15

மச்சானுக்கு,

டிஸ்க்கில் மெயில் இருந்த பகுதி படிக்க வரவில்லை. இரண்டு மூன்று விதமாக முயன்று பார்த்தேன். கடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடமும் காட்டினேன். கஷ்டம் என்கிறார். எனக்கும் வருத்தம்தான்.

வடிகட்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது நன்றாக எழுதப்பட்ட புரோகிராம். முன்பு கேலி செய்திருக்கிறேன், அது சும்மா விளையாட்டுக்கு. பெர்ல் நல்ல மொழி. ஒரு காலத்தில் வலையே அதில்தான் ஓடியது. இப்போது வருகிற மொழிகள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சட்டை மாற்றுகின்றன. நீங்கள் எழுதியது பதினோரு வருடம் ஓடியிருக்கிறது. ஓடி முடித்ததை அப்படியே விட்டுவிடலாம். அதைத் திரும்ப எழுதவும் வேண்டாம், பிரித்துப் பார்க்கவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ரோபோக்களைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று டிப்போவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவள் மேசையில் இருந்த பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு ஸ்வெட்டர், ஒரு டம்ளர், ஒரு ஸ்டேப்ளர். “ஸ்டேப்ளர் ஆபீசுதுதான், இருந்தாலும் அவங்க யாரையும் தொடவே விட மாட்டாங்க” என்றார் ஒருவர். நான் டீ போட்டுக் கொடுத்தேன். இப்போது டியூட்டி போடுவது யார் என்று கேட்டேன். அவர்களுக்கு அது பிடித்திருந்தது, நிறையப் பேசினார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் பெர்லுக்கு வக்காலத்து வாங்கியிருப்பதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். “என்னங்க இது, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள் உங்கள் அக்கா. கம்ப்யூட்டர் வாசனையே படாத அவளுக்குக்கூட உறைக்கிறது. புதிதாக ஒரு மொழி வந்தால் மறுநாளே அதைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற ஆள் நீங்கள். உங்கள் மொழி விழுந்தால் அது அனுபவம், என் மொழி விழுந்தால் அது கிழம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பதினாறு வருடம் இப்படித்தானே போனது? இப்போது திடீரென்று ஏன் இந்த ஞானம்?

எனக்குத் தெரியும். என்னிடம் எதையும் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டீர்கள். வாசலில் நான் பேசியதை மனசில் வைத்திருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதை நானும் திரும்ப வாங்கிக்கொள்வதாக இல்லை. டிஸ்க் படிக்க வரவில்லை என்பதை நான் நம்பவும் இல்லை. அவள் எழுதியதை எனக்குத் தராமல் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வடிகட்டியைப் பொறுத்தவரை நீங்கள் தர வேண்டாம். என்னிடம் போன வருடத்து நகல் ஒன்று இருந்தது. ஒரு பழைய டிஸ்க்கில், லிஃப்ட் வயரிங் படங்களுக்கு நடுவில். அதற்குப் பிறகு நான் அதில் எதையும் மாற்றவில்லை, அதனால் அதுவே போதும். அதைப் பைத்தானில் திரும்ப எழுதப் போகிறேன். ஆமாம், பைத்தான். நீங்கள் ஐந்தாறு வருடம் கெஞ்சியும் நான் தொடாத மொழி. சிரிக்காதீர்கள். வேலை முடிந்து வந்தால் கைக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. சும்மா உட்கார்ந்தால் சுவரைப் பார்க்கிறேன், சுவரும் என்னைப் பார்க்கிறது.

ஒவ்வொரு வரியாகப் பெயர்த்து எழுதுகிறேன். நம் மூவர் முகவரியிலிருந்து வருவது போல வேஷம் போட்டு வந்த குப்பைகள் நினைவிருக்கிறதா? ஒரு தடவை நீங்களே எனக்குத் தூக்கமாத்திரை விற்பது மாதிரி ஒன்று வந்தது. அதற்கு நான் வைத்த விதி இப்போதுதான் கையில் வந்திருக்கிறது. நம் பெயர் போட்டு, ஆனால் நம் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தால், மூன்று மதிப்பெண். நம் மூவரும் எப்போதும் வீட்டிலிருந்துதானே எழுதுவோம். அதை எழுதிய அன்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 4

மச்சானுக்கு,

நான் வாசலில் நடந்ததை மனசில் வைக்கவில்லை. சத்தியமாக இல்லை.

அந்த வடிகட்டியைத் திரும்ப எழுத வேண்டாம். காரணம் கேட்காமல் இதை ஒன்று எனக்காகச் செய்யுங்கள். கைக்கு வேலை வேண்டும் என்றால் அவள் பாதியில் விட்ட டியூட்டி புரோகிராம் இருக்கிறது. வார விடுமுறை கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டிப்போவில் இன்னும் அதைத்தான் வைத்து ஓட்டுகிறார்கள், மாதம் ஒருவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு விடுமுறை விழுந்துவிடுகிறதாம். அதைச் சரி செய்து கொடுத்தால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும். உங்களால்தான் முடியும். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் வடிகட்டியை முடித்துவிட்டேன்.

எழுதினால் சோதித்துப் பார்க்க வேண்டும் இல்லையா? லாட்டரி, கடன், வழுக்கைத் தலைக்கு மருந்து என்று ஒரு நாற்பது குப்பை கொடுத்தேன். ஒழுங்காக அழித்தது. அடுத்து நல்ல மெயில் தங்குகிறதா என்று பார்க்க ஒன்று வேண்டியிருந்தது. எனக்கு வந்திருக்க வேண்டிய மெயிலை நானே எழுதினேன். உள்நோக்கத்தோடுதான் செய்தேன், மறைக்கவில்லை. ‘பாருங்கள், இவ்வளவுதான், இதைத் தட்ட எவ்வளவு நேரமாகும்’ என்று அடுத்த கடிதத்தில் உங்களைக் குத்தலாம் என்று இருந்தேன்.

‘தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவசரம். கிளம்பி வாருங்கள்.’ அனுப்புபவர் இடத்தில் உங்கள் முகவரியைப் போட்டேன். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு கைபேசியில்தானே தட்டியிருப்பீர்கள் என்று, வெளியிலிருந்து வருவதாகக் கொடுத்தேன்.

அழித்துவிட்டது.

புது மொழியில் எங்கேயோ சொதப்பிவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. பழைய பெர்ல் நகலை எடுத்து அதே மெயிலை அதற்குக் கொடுத்தேன். அதுவும் அழித்தது. நம் பெயர், ஆனால் வெளி இடம், அதற்கு மூன்று. ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு இரண்டு. ஏமாற்றுக்காரன்தான் அவசரம் என்பான் என்று அந்த விதிக்குப் பக்கத்தில் நானே குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் ஐந்து. மொழி மேல் பழி போட வழியில்லை. இரண்டு மொழியும் நான் சொன்னதைத்தான் செய்திருக்கின்றன.

‘அவசரம்’ என்பதை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். மூன்று. ‘பிறகு பார்’ பெட்டியில் போய் உட்கார்ந்தது. அன்று சாயங்காலமே பார்த்திருப்பேன்.

சொந்தக் காசில் சூனியம் என்று கேலிக்குச் சொல்வோம். அப்படி ஒன்று நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். வடிகட்டி வேண்டாம். பெர்ல் நல்ல மொழி. பிரித்துப் பார்க்க வேண்டாம். காரணம் கேட்காமல் செய்யுங்கள். மூன்று கடிதத்திலும் ஒரே பாட்டு. நான் என்ன மடையன் என்றால், நீங்கள் எனக்கு எதையும் தராமல் பழி வாங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாளாக வேலைக்குப் போகிறேன், வருகிறேன். ஒரு லிஃப்ட்டில் கதவு சென்சாரை மாற்றினேன். பக்கத்தில் நின்றவர் ஏதோ சொன்னார், நானும் ஏதோ சொன்னேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஒரு கேள்விதான். எழுதினீர்களா? எழுதவில்லை என்றால், எழுதவில்லை என்று ஒரு வரி போடுங்கள். அதை அப்படியே நம்பிக்கொள்கிறேன், இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன். எழுதியிருந்தால், அதில் என்ன இருந்தது என்று ஒரு சொல் விடாமல் எழுதுங்கள்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 28

மச்சானுக்கு,

எழுதவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் முயன்று பார்த்தேன். நீங்கள் நம்பிக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகு அந்தப் பொய்யைச் சொல்ல வரவில்லை.

எழுதினேன். முதல் நாளே. டிப்போவில் தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தவளை ஒரு பஸ்ஸிலேயே ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். நான் போனபோது நினைவோடுதான் இருந்தாள். இடது கை மட்டும் அசையவில்லை. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது. என்னைப் பார்த்ததும், “அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?” என்றுதான் கேட்டாள். உங்கள் கம்பெனி நம்பர் வீட்டில் இருந்தது. அதனால் கட்டில் பக்கத்தில் நின்றபடியே கைபேசியில் மெயில் தட்டினேன்.

‘மச்சான், இவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தலையில் ரத்தக் கசிவு என்கிறார்கள். உங்களைக் கேட்கிறாள். முடிந்தால் வாருங்கள்.’

இதுதான் நான் தட்டியது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

“இதென்னங்க, கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி. முடிந்தாலாம். இதைப் பார்த்தா அவன் இருக்கிற லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் பண்ணி முடிச்சுட்டு அடுத்த வாரம்தான் வருவான். அவசரம்னு போடுங்க.”

“பயந்துடப் போறாரு.”

“பயப்படட்டும். அப்பதான் கிளம்புவான். முதல்லயே போடுங்க.”

‘அவசரம்’ என்று தொடக்கத்தில் சேர்த்து அனுப்பினேன். கேட்டீர்களே என்று எழுதுகிறேன். இந்த ஒரு சொல்லை உங்களிடமிருந்து மறைக்கத்தான் இத்தனையும் செய்தேன்.

சாயங்காலம், “பதில் வந்துச்சா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப கிளம்பிட்டான். பஸ்ல உக்காந்துட்டுப் பதில் போட அவன்கிட்ட என்ன இருக்கு?” என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன், முகம் ஒரு பக்கம்தான் அசைந்தது. மறுநாள் காலையிலிருந்து அவள் பேசவில்லை. நீங்கள் வழியில் இருக்கிறீர்கள் என்று நானும் நம்பினேன். வீட்டுக்குப் போய் நம்பரை எடுத்துவந்து ஒரு போன் போட்டிருக்கலாம். அவளை விட்டு நகர மனம் வரவில்லை. அது என் தப்பு. அதனால் வாசலில் நீங்கள் திட்டியபோது பாதி எனக்குச் சேர வேண்டியதுதான் என்று நின்றேன்.

எல்லாரும் போன பிறகு, மெயில் எங்கே போனது என்று சர்வரில் பார்த்தேன். வந்தது, அழிந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடிகூட இல்லை. உங்கள் மேல் கோபம் வந்தது. சில வாரம் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு பிடிப்பு இருக்கும் என்று தோன்றியது. அதனால் அந்தப் பதிவு உங்கள் கண்ணில் படாதபடி பெட்டியை அணைத்தேன்.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழுது பார்ப்பவரிடம் நான் போகவும் இல்லை. அவள் உங்களுக்கு எழுதியது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. துணியில் சுற்றி இதே பார்சலில் வைத்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


மே 11

மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்தது. டிஸ்க் நன்றாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை வீட்டில் காட்டினேன். உங்கள் அக்கா உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் நான் பேசியதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அத்தனை பேர் முன்னால் பேசியதை அத்தனை பேர் முன்னால்தான் வாங்க வேண்டும், ஆனால் அவர்களை எங்கே போய்க் கூட்டி வருவது என்று தெரியவில்லை. வருகிற ஞாயிறு இருவரும் வருகிறோம். பக்கத்து வீடுகளிலாவது நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

டியூட்டி புரோகிராமைப் பார்த்தேன். மாதக் கடைசி ஞாயிறை இரண்டு வாரத்திலும் எண்ணுகிறது. அவள் தப்பு இல்லை, அவளுக்குக் கொடுத்த நாட்காட்டிக் கோப்பே அப்படி. திருத்திவிட்டேன், வரும்போது கொண்டுவருகிறேன்.

மெயிலை மறுபடி ஓடவிட்டேன். உங்கள் முகவரியும் பழையபடி வேலை செய்யும். அவள் முகவரியையும் எடுக்கவில்லை, உங்களுக்குச் சம்மதம் என்றால் இருக்கட்டும். வடிகட்டியை மட்டும் எடுத்துவிட்டேன். பெர்லில் இருந்ததும் இல்லை, பைத்தானில் எழுதியதும் இல்லை. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு வருகிறது. வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். இன்று காலை ஒரு வங்கியிலிருந்து வந்தது, என் கணக்கை முடக்கப் போகிறார்களாம், அவசரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வங்கியில் எனக்குக் கணக்கே கிடையாது. கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அழித்தேன்.

உங்கள் மச்சான்